பிபிசி ரேடியோ 4: எதை உடனே கேட்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம், எதை விட்டுவிடலாம்

பிரித்தானியப் பேச்சு வானொலியான பிபிசி ரேடியோ 4-ஐ விடியலில் போட்டுவிட்டு நள்ளிரவில் அணைப்பது அதைக் கேட்கும் முறையே அல்ல. பாட்டு ஓடினால் காதை அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பேச்சில் அது நடக்காது. இரண்டு வாக்கியம் தவறினால் மூன்றாவது புரியாது. இந்த அலைவரிசையோ விடிகாலையிலிருந்து இரவு 1 மணி வரை கிட்டத்தட்ட முழுக்கப் பேச்சுதான். செய்தி, நேர்காணல், நாடகம், நூல் வாசிப்பு, விவாதம், கலை விமர்சனம், நகைச்சுவைப் போட்டி, கடல் வானிலை என்று போய், 1 மணிக்கு பிபிசி உலக சேவையிடம் அலையை ஒப்படைத்துவிடும். நடுவில் விளம்பரம் கிடையாது. பிபிசியின் பழைய வானொலிச் சேவையான ஹோம் சர்வீஸின் இடத்தில் 1967 செப்டம்பர் 30 அன்று இந்தப் பெயரில் தொடங்கியது. அடிப்படை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. நிகழ்ச்சிகளில் சில ஒரு மணி நேரத்தில் பழசாகிவிடும். சில, ஹெட்போன் போட்டு ஒரு வாரம் கழித்துக் கேட்டால்தான் நன்றாக இருக்கும். இந்த இரண்டு வகையையும் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் நேரக் கணக்கு. கீழே வருபவை எல்லாம் பிரித்தானிய நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறும். மதியம் 2.15 நாடகம் கோடையில் நமக்கு மாலை 6.45, குளிர்காலத்தில் 7.45. அலாரம் வைத்துக் கேட்பவர்கள் நவம்பரில் ஏமாறுவது இதனால்தான்.

காலை 6 முதல் 9 வரை செய்தி நிகழ்ச்சியான ‘டுடே’. 1957 முதல் வருகிறது. சனிக்கிழமை மட்டும் 7 மணிக்குத் தொடங்கும். மூன்று மணி நேரத்தையும் கேட்க வேண்டியதில்லை. தூங்கி எழுகிறவர்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வார்கள் என்று வைத்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே தலைப்புச் செய்தி அரை மணிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். 8 மணிக்குச் செய்தியைப் பிடித்து, 8.10-க்கு வரும் முக்கிய நேர்காணலோடு நிறுத்திக்கொண்டால் அன்றைய சாரம் வந்துவிடும். நேர்காணலின் தரம் ஆளைப் பொறுத்தது. நிபுணரோ, சம்பவ இடத்தில் இருந்தவரோ பேசினால் அருமை. அமைச்சர் வந்தால் பெரும்பாலும் வீண்: நேர்காண்பவர் இடைமறிப்பார், அமைச்சர் தயாரித்து வந்த வாக்கியத்தை நாலு முறை சொல்வார், நேரம் முடிந்துவிடும். 7.45-ஐ ஒட்டி மூன்று நிமிடம் போல ‘தாட் ஃபார் த டே’ என்ற சமயச் சிந்தனை வரும். அரசியல் சச்சரவுக்கு நடுவில் அதைச் செருகுவது பிடிக்காதவர்கள் அங்கே நிறையப் பேர்.

மணி அடிக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1924 பிப்ரவரி 5 அன்று தொடங்கிய, மணியைக் குறிக்கும் ஆறு ‘பிப்’ ஒலிகள் இன்னும் வருகின்றன. முதல் ஐந்தும் தலா 0.1 விநாடி, ஆறாவது அரை விநாடி நீளம். அந்த ஆறாவது ஒலி தொடங்கும் கணம்தான் சரியான மணி, முடியும் கணம் அல்ல. மாலை 6-க்கும் நள்ளிரவுக்கும் பிப்புக்குப் பதில் பிக் பென் மணியோசை வரும். ஆனால் இணையத்தில் கேட்பவர்கள் இதை நம்பிக் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது. டிஜிட்டல் ரேடியோவில் சில விநாடி தாமதம். இணைய ஓடையில் அரை நிமிடம்வரைகூடப் பின்தங்கும். ஒரே வீட்டில் சமையலறையில் எஃப்எம், கூடத்தில் டிஜிட்டல் என இரண்டையும் போட்டால் ஒரே குரல் எதிரொலியாகத் துரத்தும். செட்டில் கோளாறு இல்லை, தாமத வித்தியாசம்தான்.

9 மணிக்கு மேல்தான் இந்த அலைவரிசையின் கௌரவம் இருக்கிறது. திங்களன்று ‘ஸ்டார்ட் த வீக்’, செவ்வாயன்று விஞ்ஞானிகளோடு உரையாடும் ‘த லைஃப் சயின்டிஃபிக்’, வியாழனன்று ‘இன் அவர் டைம்’. கடைசியாகச் சொன்னது ஒன்றுக்காகவே ரேடியோ 4-ஐத் தெரிந்துகொள்ளலாம். 1998 அக்டோபரில் தொடங்கி மெல்வின் பிராக் நடத்தினார். ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டிய பிறகு 2025-ல் விலகினார். முறை எளிமையானது. ஒரே ஒரு பொருள், அதில் ஆண்டுக்கணக்காக உழைத்த மூன்று பேராசிரியர்கள், ஒரு நெறியாளர். இசைப் பின்னணி இல்லை, தெருவில் எடுத்த பேட்டி இல்லை, ‘இது இன்றைக்கு ஏன் முக்கியம்’ என்ற சால்ஜாப்பு இல்லை. ஒரு வாரம் நியூட்ரினோ என்றால் அடுத்த வாரம் ஏதோ ஒரு மத்தியகாலப் போர். பேராசிரியர்கள் படியைத் தாண்டிக் குதித்தால் நெறியாளர் இழுத்துப் பிடித்து, ‘அதற்கு முன்னால் என்ன இருந்தது?’ என்று கேட்பதுதான் இதன் பலம். குறையும் அந்த முறையிலேயே இருக்கிறது: முதல் இருபது நிமிடம் பின்னணியில் போய்விடும், பிற்காலத் தாக்கத்தைச் சொல்லவேண்டிய கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஓடுவார்கள். பாட்காஸ்டாக எடுத்தால் ஒலிபரப்பு முடிந்த பின் நடக்கும் சில நிமிடப் பேச்சும் சேர்ந்து வரும். விட்டுப்போன விஷயம் பாதி அங்கேதான் வெளிவரும். ஆகவே இதை நேரலையில் கேட்காதீர்கள், பாட்காஸ்டாகவே கேளுங்கள். புதிதாக வருபவர் தனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த தலைப்பில் தொடங்குவது நல்லது. ஒன்றுமே தெரியாத தத்துவவாதியில் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பெயர்கள் குழம்பும்.

10 மணிக்குப் பெண்களுக்கான ‘வுமன்ஸ் அவர்’, 1946 முதல். உடல்நலம், சட்டம், வேலை பற்றிய நேர்காணல்களில் நேரடியாகக் கேட்கும் கேள்விகள் உண்டு, தரம் சீரானது. மதியம் வரும் ‘யூ அண்ட் யுவர்ஸ்’ நுகர்வோர் நிகழ்ச்சி. பிரித்தானியாவில் மின்கட்டணம் கட்டுபவருக்கும் காப்பீடு எடுப்பவருக்கும் உதவும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் தாராளமாக விட்டுவிடலாம். 1 மணிச் செய்தி நிகழ்ச்சியான ‘த வேர்ல்ட் அட் ஒன்’ காலை ‘டுடே’யைவிடக் கச்சிதம். அரசியலுக்கு ஒன்றே போதும் என்பவர்கள் இதை வைத்துக்கொண்டு காலையைத் தவிர்க்கலாம்.

அடுத்து ‘தி ஆர்ச்சர்ஸ்’. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை. 1950-ல் மிட்லண்ட்ஸ் பகுதியில் சோதனையாக ஒலிபரப்பி, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். போருக்குப் பின் ரேஷன் நீடித்த காலம் அது. விளைச்சலைக் கூட்டும் முறைகளை விவசாயிக்குக் கதையில் கலந்து சொல்வதே முதல் நோக்கம். (நம் பக்கம் திருச்சி வானொலி சொல்லித் தஞ்சை வயல்களுக்குப் போன ஆடுதுறை 27-ஐ ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள், அங்கே குடும்பத் தொடர் வழியாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.) இப்போது ஞாயிறு முதல் வெள்ளி வரை மாலை 7 மணிக்கு ஒரு பகுதி, ஏறத்தாழ 13 நிமிடம். அதுவே பெரும்பாலும் மறுநாள் மதியம் 2-க்கு மறுஒலிபரப்பு. வாரத்தின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்து ஞாயிறு காலையில் ஒரே மூச்சில் தருவார்கள்.

இதில் நுழைவது சிரமம். கதைசொல்லி கிடையாது, ‘முன்கதைச் சுருக்கம்’ கிடையாது. ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போதுதான் யார் பேசுகிறார் என்று தெரியும். அதிலும் ஒரே குடும்பப் பெயரில் மூன்று தலைமுறை. நாளுக்கு ஒரு பகுதியாகத் தொடங்கினால் நாலாவது நாளில் விட்டுவிடுவீர்கள். ஞாயிறு தொகுப்பில் தொடங்குங்கள். ஒரு தாளில் பண்ணை வாரியாகப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் இனியும் பிடிக்காது. பாத்திரங்களுக்கு நிஜ வேகத்தில் வயதாகிறது, வெளியே ஆட்டுக்குட்டி ஈனும் பருவம் என்றால் கதையிலும் அதே பருவம். வருடக்கணக்கில் கேட்பவர்களை அது கட்டிப்போடுவதற்கு இதுவே காரணம். ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்ற குறை உண்மைதான். பால் விலையைப் பற்றி இரண்டு பேர் பேசி முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும் நாள்கள் உண்டு.

பர்மிங்ஹாமில் இருக்கும் அதன் ஒலிக்கூடத்தின் கைவேலை தனி மரியாதைக்குரியது. பண்ணையின் இரும்பு கேட் திறக்கும் சத்தம், மடக்கும் இஸ்திரி மேசையை அசைத்து எடுப்பது. வைக்கோலில் நடப்பது, கசக்கிப் போட்ட பழைய ஒலிநாடாவின் மேல் நடப்பது. குட்டி பிறக்கும் வழுக்கலான சத்தத்துக்குத் தயிர். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் காது ஏமாறும்.

மதியம் 2.15-க்கு நாடகம், 45 நிமிடம். இந்தச் சேவையில் மிகச் சிறந்ததும் மிக மோசமானதும் இந்த முக்கால் மணியில்தான் வரும். ஒரு வாரம் அசத்தும், மறு வாரம் ஐந்தாவது நிமிடத்திலேயே நிறுத்தச் சொல்லும். ஏன் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எதுவும் இல்லாத இடத்தில் ஐந்தாறு குரலுக்கு மேல் காது தாங்காது. அந்தக் குரல்களும் வயதிலோ வட்டார உச்சரிப்பிலோ சட்டென்று பிரிய வேண்டும். முப்பது வயதுப் பெண்கள் மூவர் ஒரே லண்டன் உச்சரிப்பில் பேசும் நாடகம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தோற்கும். அடுத்த பிழை, பாத்திரமே வருணனை செய்வது: ‘அடடா, நீ கையில் துப்பாக்கியோடு நிற்கிறாயே!’ என்ற வகை வசனம். தேர்ந்த எழுத்தாளர் அதைப் பூட்டுத் திறக்கும் சத்தத்திலும் பேச்சு நின்றுபோகும் இடத்திலும் காட்டிவிடுவார். மூன்றாவது, சுவரொட்டி வசனம்: அன்றைய சமூகப் பிரச்சினையைப் பாத்திரங்கள் மாறி மாறி நமக்கு விளக்குவது. ரேடியோ 4 நாடகத்தின் நிரந்தர நோய் இது.

ஒலியமைப்பில் குறை சொல்ல அனேகமாக ஒன்றும் இல்லை. நடிகர் மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதே அங்கே காட்சி அமைப்பு. உதட்டருகே பேசினால் மனத்துக்குள் நினைப்பது. இரண்டு அடி தள்ளினால் எதிரில் இருப்பவரோடு பேசுவது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அறையைவிட்டுப் போகிறார். வெளிப்புறக் காட்சிக்கு எதிரொலியே இல்லாத அடைப்பு அறையில் பதிவு செய்வார்கள், திறந்தவெளியில் குரல் திரும்பி வராது என்பதால். இந்த நுணுக்கமெல்லாம் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது காணாமல் போகும். முணுமுணுப்பு கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த காட்சியில் யாரோ கத்துவார்கள். காரில் கேட்டாலும் இதே தொல்லை. நாடகத்துக்கு ஹெட்போன் கட்டாயம். இடது வலது மாறிப் போட்டால் கதவு தப்பான பக்கம் திறக்கும். முதல் மூன்று நிமிடத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பெயர்களும் உறவும் அங்கேதான் சொல்லப்படுகின்றன. பாட்காஸ்ட் பழக்கத்தில் 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டவே கூடாது. பேச்சு நிகழ்ச்சிக்கு அது பரவாயில்லை; நாடகத்தில் மௌனத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாலை 5-க்கு வரும் செய்தி நிகழ்ச்சியான ‘பிஎம்’ நேரலையில் மட்டும் பயன்படும் ரகம். 6.30 நகைச்சுவை நேரத்தில் அரசியல் கிண்டலான ‘த நியூஸ் குவிஸ்’ அந்த வாரத்துப் பிரித்தானியச் செய்தி தெரியாதவருக்குப் பாதிதான் புரியும். 1967 முதல் வரும் ‘ஜஸ்ட் எ மினிட்’டுக்கு முன்னறிவு எதுவும் வேண்டாம்: கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம், தயங்காமல், சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பைவிட்டு விலகாமல் பேச வேண்டும். ஆங்கிலம் காதுக்குப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இந்த அலைவரிசையில் இல்லை.

கலைக்கு இரவு 7.15-க்கு ‘ஃப்ரன்ட் ரோ’, 1998 முதல். நூல், திரைப்படம், நாடக மேடை, கண்காட்சி எல்லாம் ஒரே நிகழ்ச்சியில். நெறியாளர்கள் விஷயம் தெரிந்தவர்கள். குறை என்னவென்றால், விருந்தினர் வருவது தன் படமோ புத்தகமோ வெளியாகும் வாரத்தில்தான். அதனால் கேள்வியும் பதிலும் பாதி விளம்பரம் ஆகிவிடும். அதே நிகழ்ச்சியில் விமர்சகர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து புதிய படைப்புகளை அலசும் நாள்களைத் தேடிக் கேளுங்கள். படைத்தவர் எதிரில் இல்லாததால் ஒருவர் ‘பிரமாதம்’ என்பார், அடுத்தவர் ‘தூங்கிவிட்டேன்’ என்பார். ஸ்டூடியோவுக்கே வந்து இசைக்கலைஞர்கள் ஒன்றிரண்டு பாடல் இசைப்பதும் உண்டு. பேச்சையே கேட்டுக் களைத்த காதுக்கு அது வேண்டும்.

விவாதங்களில், வெள்ளி இரவு ‘எனி க்வெஸ்சன்ஸ்?’ 1948 முதல் ஊர் ஊராகப் போகிறது. நாலு பேர் மேடையில். கேள்விகள் முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியாது. கட்சிப் பேச்சாளர்கள் இருவரும் சரிக்குச் சரி நின்றால் சலிப்பு, கட்சி சாராத எழுத்தாளரோ விஞ்ஞானியோ ஒருவர் அமைந்தால் சுவை. ‘மாரல் மேஸ்’ வேறு மாதிரி: சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்து, குழுவினர் குறுக்கு விசாரணை செய்வார்கள். ஒரு சாட்சிக்குச் சில நிமிடமே கிடைப்பதால் வேகமாகப் பேசுபவர் வெல்வார், சரியாகப் பேசுபவர் அல்ல. செய்தியில் வரும் எண்களைச் சரிபார்க்கும் ‘மோர் ஆர் லெஸ்’ இந்தக் கூச்சலுக்கு நல்ல மாற்று. ஒரு புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது, எதால் எதை வகுத்தார்கள் என்று அரை மணிக்குள் பிரித்துவைப்பார்கள். 1948-ல் தொடங்கிய பிபிசியின் சொற்பொழிவுத் தொடரான ரீத் உரைகள் ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2003-ல் அவற்றை ஆற்றியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். மூளையைப் பற்றிய அந்த ஐந்து உரைகளும் பழைய தொகுப்பில் முதலில் எடுக்க வேண்டியவை.

இரவு 10.45-க்கு ‘புக் அட் பெட்டைம்’: ஒரு நாவல், நாளுக்குக் கால் மணி, பெரும்பாலும் பத்துப் பகுதி. வாசிப்பு உயர்தரம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 160 சொல் என்றால் ஒரு பகுதிக்கு 2,200 சொல் போல, பத்துப் பகுதிக்கு 22,000. ஒரு நடுத்தர நாவல் 80,000 சொல். முக்கால் பங்கு வெட்டப்படுகிறது. கிளைக் கதையும் துணைப் பாத்திரமும் போய், முதன்மைக் கதை மட்டும் நிற்கும். நூலை வாங்கலாமா என்று முடிவு செய்ய இது போதும். நூலைப் படித்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

நள்ளிரவு 12.48-க்குக் கடல் வானிலை அறிக்கை, முன்னால் ரொனால்ட் பிங்கின் ‘செய்லிங் பை’ இசை. 31 கடல் பகுதிகள், வைக்கிங்கில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் தென்கிழக்கு ஐஸ்லாந்து வரை. புரிந்துகொள்ள முறை இதுதான்: முதலில் புயல்காற்று எச்சரிக்கை, பிறகு பொது நிலை, பிறகு பகுதி வாரியாகக் காற்றின் திசை, காற்றை எண்ணால் அளக்கும் போஃபர்ட் அளவில் அதன் வலிமை, மழை, கடைசியில் பார்வைத் தெளிவு. ‘குட்’ என்றால் 5 கடல் மைலுக்கு மேல் தெரியும். ‘மாடரேட்’ 2 முதல் 5. ‘புவர்’ 1,000 மீட்டர் முதல் 2 கடல் மைல். ‘வெரி புவர்’ அதற்கும் கீழே. புயல்காற்று ‘இம்மினன்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள், ‘சூன்’ 6 முதல் 12, ‘லேட்டர்’ 12-க்கு மேல். கேட்பவர்களில் பெரும்பாலோர் படகே ஏறாதவர்கள், தூக்கம் வரக் கேட்பவர்கள். 2024 ஏப்ரலில் வாரநாள் ஒலிபரப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். படகில் இருப்பவர்களுக்கு வானிலை வேறு வழிகளிலும் வருவதால் நடைமுறை இழப்பு குறைவு.

இனி, எதில் கேட்பது. பிரித்தானியாவுக்குள் எஃப்எம் இன்னும் நம்பகமானது; சிக்னல் குறைந்தால் இரைச்சலோடாவது கேட்கும். டிஜிட்டல் ரேடியோ சிக்னல் குறைந்தால் நீருக்குள் பேசுவதுபோல் குமிழியிட்டு அப்படியே அறுந்துவிடும். ஏரியலை முழுக்க நீட்டி ஜன்னலருகே வையுங்கள், ஃபிரிட்ஜ், சார்ஜர் பக்கத்தில் வைக்காதீர்கள். வானொலி மட்டும் கேட்க அங்கே உரிமக் கட்டணம் 1971-லேயே நீக்கப்பட்டுவிட்டது; இப்போதைய கட்டணம் தொலைக்காட்சிக்கானது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ‘பிபிசி சவுண்ட்ஸ்’ செயலி 2025 முதல் கிடையாது. பிபிசி இணையதளத்திலும் பிபிசி செயலியிலும் ரேடியோ 4 நேரலை கேட்கலாம்; ‘இன் அவர் டைம்’, ‘தி ஆர்ச்சர்ஸ்’ போன்றவை பாட்காஸ்டாகக் கிடைக்கும். மதிய நாடகங்களில் எல்லாம் அப்படி வருவதில்லை என்பதால் அவற்றை நேரலையில் பிடிப்பதே உறுதியான வழி. விநாடிக்கு 128 கிலோபிட் இணைய ஓடை மணிக்குச் சுமார் 58 எம்பி எடுக்கும்; நாள் முழுக்க ஓடவிட்டால் ஒரு ஜிபி காலி.

ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலையைப் பிடிக்கும் பழைய செட்டுகளை ஆசைகாட்டி விற்பவர்கள் உண்டு. அதற்கென்றிருந்த தனி நிகழ்ச்சிகள் 2024-ல் நின்றுவிட்டன, அலையையே மூடவும் முடிவெடுத்துவிட்டார்கள். அதற்காகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.